ஓடிய ரயிலும் நின்ற ரயிலும்



கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பிட்டு முடித்துச் சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவில் குடும்பத்தோடு இருக்கும் பழைய மாணவர் ஒருவர் பேசினார். அங்கே ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். மே மாதமே சன்னலுக்குப் பலகை அறுத்து வைக்கிறார்கள், தொட்டியில் தண்ணீர் நிரப்புகிறார்கள், மருந்து மாத்திரை, மெழுகுவர்த்தி, டப்பா உணவு எல்லாம் வாங்கி ஒரு பெட்டியில் போட்டு வைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, "நம்ம பக்கம் இப்படித் தயாராகுற பழக்கமே இல்லையே, ஏன் சார்?" என்று கேட்டார். இரண்டு வரியில் முடிகிற பதில் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நாம் கரிவலம்வந்தநல்லூர்க்காரர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் மானாவாரி பூமி நம்முடையது. கண்மாய் பெருகினால் குலவை போடுவோம். மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுத்த ஊர்கள் நம் பக்கத்து ஊர்கள். புயல் என்றால் நமக்கு மழைக்கான நல்ல செய்தி. வானொலியில் "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு" என்று கேட்டால் விதைப்புக்குத் தயாராகும் சனம் நாம். கடற்கரையில் இருப்பவனுக்கு அதே வாக்கியம் வேறு மாதிரிக் கேட்கும்.

அப்படிக் கேட்க வேண்டிய தீவு ஒன்று நமக்கும் உண்டு. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் நாம் போய்த் தீர்த்தமாடி வரும் ராமேஸ்வரம் இருக்கிற பாம்பன் தீவு.

தனுஷ்கோடி என்று ஓர் ஊர் இருந்தது

அந்தத் தீவின் தென்கிழக்கு வால்தான் தனுஷ்கோடி. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் ஒரு மணல் நாக்கு. அதன்மேல் ஓர் ஊர்.

1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் அந்த ஊருக்கு யோகம் அடித்தது. சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்துக் கொழும்பு வரை போகலாம். ரயில் தனுஷ்கோடித் துறை வரை வரும். அங்கே இறங்கி நீராவிக் கப்பலில் ஏறினால் தலைமன்னார். அங்கிருந்து மறுபடி ரயில். 'போட் மெயில்' என்ற பெயர் வந்தது அதனால்தான். ரயில் நிலையம், ரயில்வே ஆஸ்பத்திரி, தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், மாதா கோயில் என்று ஒரு நகரத்துக்கு வேண்டிய அத்தனையும் அங்கே இருந்தன. நெல்லை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களும் கொழும்பில் கடை வைத்தவர்களும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போனார்கள். "கொழும்புக்குப் போன தாத்தா" நம்மில் பல குடும்பங்களில் உண்டு. அவர் கடைசியாக மிதித்த இந்திய மண் தனுஷ்கோடியாக இருந்திருக்கும்.

1964 டிசம்பர் 22

டிசம்பர் 17-இல் தெற்கு அந்தமான் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானது. 19-இல் கடும் புயலாக வலுத்தது. வங்கக் கடல் புயல்களில் பல வடக்கே திரும்பிவிடும். இது திரும்பவில்லை. நாளொன்றுக்கு 400 முதல் 550 கிலோமீட்டர் வேகத்தில், கயிறு பிடித்தாற்போல நேர் மேற்கே வந்தது. 22-ஆம் தேதி இலங்கையில் வவுனியாவைக் கடந்து, அன்று இரவே தனுஷ்கோடியில் ஏறியது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் இருந்திருக்கும் என்பது மதிப்பீடு. அலை சுமார் 7 மீட்டர், அதாவது 23 அடி எழுந்தது. நம் தெரு மாடி வீட்டு உயரம்.

இரவு 11.55-க்குப் பாம்பனிலிருந்து 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. பதிவில் உள்ள கணக்குப்படி 110 பயணிகள், 5 ஊழியர்கள். தனுஷ்கோடி நிலையத்துக்குச் சில நூறு கெஜம் இருக்கும்போது கடல் அதை எடுத்துக்கொண்டது. தந்தி இல்லை, தொலைபேசி இல்லை. ரயில் போன சேதி வெளியுலகுக்குத் தெரியவே இரண்டு நாள் ஆயிற்று. அந்தப் புயலில் மொத்தம் சுமார் 1,800 பேர் இறந்ததாகச் சொல்லப்படுகிறது.

இந்த ரயிலைப் பற்றி ஒரு கதை எல்லாப் பதிவுகளிலும் வருகிறது. சிக்னல் விளக்கு எரியவில்லை, ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார், பிறகு நீளமாக ஊதல் ஊதிவிட்டு இருட்டுக்குள் நகர்த்தினார் என்று. வகுப்பில் நான் கேட்கும் அதே கேள்வியைத்தான் இங்கும் கேட்கிறேன்: வண்டியில் இருந்த யாருமே திரும்பி வரவில்லை என்றால், இதைப் பார்த்துச் சொன்னவர் யார்? கதை உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த ஓட்டுநரைக் குற்றவாளியாக்கவும் வேண்டாம், வீரராக்கவும் வேண்டாம். அதற்கு முந்தின கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த ராத்திரியில், அந்தக் காற்றில், பாம்பனிலிருந்து வண்டி ஏன் புறப்பட்டது?

தண்ணீர் ஏன் அப்படி வந்தது?

புயலில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் காற்று அல்ல, கடல்நீர். காற்று கடல் மட்டத்தைத் தள்ளிக்கொண்டே வந்து கரையில் கொட்டும். கடல் ஆழமாக இருந்தால் தள்ளப்பட்ட நீர் அடியில் இறங்கி ஓட வழி இருக்கும். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். அங்கே நீருக்கு இறங்க இடமில்லை. மேலேதான் ஏற வேண்டும்.

இன்னொன்று. நம் அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுழலும். அது மேற்கு நோக்கி ஓர் ஊரைக் கடக்கும்போது முதலில் காற்று வடக்கிலிருந்து அடிக்கும். கண் பகுதி வரும்போது சட்டென்று அமைதியாகும். "அப்பாடா, ஓய்ந்தது" என்று சனம் வெளியே வரும். கண் கடந்ததும் அதே வேகத்தில் தெற்கிலிருந்து அடிக்கும். இரண்டு பக்கமும் கடல் உள்ள மணல் நாக்கில் நிற்பவனுக்கு, ஒரு கடலிலிருந்து தப்ப ஓடினால் இன்னொரு கடல். சின்னத் தீவில் வாழ்வதன் கஷ்டமே இதுதான். ஓடுவதற்கு உள்நாடு கிடையாது. ஆகவே தீவுக்காரனுக்கு முன்னேற்பாடு என்பது புயலுக்கு முந்தின நாள் வேலை அல்ல, முந்தின மாதத்து வேலை.

ராமேஸ்வரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கோயிலுக்குள் ஒண்டிப் பிழைத்தார்கள். தண்ணீர் கோயிலுக்கு அருகே வந்து நின்றது. சுவாமியின் அருள் என்பார்கள், நான் மறுக்கவில்லை. மேடான இடம் பார்த்துக் கருங்கல்லில் கட்டிய கட்டடம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கூண்டு ஏற்றப்பட்டது

"நாகை, பாம்பன், தூத்துக்குடித் துறைமுகங்களில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது." இந்தச் செய்தியைக் கேட்காத தமிழர் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

ஹென்றி பிடிங்டன் என்று ஓர் ஆங்கிலேயர், கல்கத்தாவில் கடல்துறை நீதிமன்றத்தில் தலைவராக இருந்தார். கப்பல்களின் குறிப்பேடுகளை எல்லாம் சேர்த்து வைத்துப் படித்து, புயல் என்பது நேராக அடிக்கும் காற்றல்ல, பாம்பு போலச் சுருண்டு சுழல்வது என்று கண்டு, 1848-இல் மாலுமிகளுக்கான தம் கையேட்டில் 'சைக்ளோன்' என்று அதற்குப் பெயர் வைத்தார். கிரேக்க மொழியிலிருந்து உருவாக்கிய சொல். இன்று உலகம் முழுக்க வழங்கும் அந்தச் சொல் நம் வங்கக் கடல் கரையில் பிறந்தது.

அதே பிடிங்டன் 1853-இல் டல்ஹௌசி பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்டப்போகிறீர்கள், ஒரு நாள் கடல் பொங்கி அதை அழிக்கும் என்று. கேட்கவில்லை. போர்ட் கேனிங் என்ற பெயரில் துறைமுகம் எழுந்தது. 1867-இல் புயல் வந்தது, துறைமுகம் நாசமானது, சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. பிடிங்டன் அதற்கு முன்பே, 1858-இல், காலமாகிவிட்டார்.

இதற்கு நடுவில் 1864 அக்டோபர் 5-இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் சுமார் 60,000 பேர் இறந்தனர். அதற்குப் பிறகுதான் அரசு அசைந்தது. 1865-இல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது. கல்கத்தாவுக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து தனுஷ்கோடி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் கூண்டில் 11 எண்கள். 1, 2 என்றால் தொலைவில் புயல் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பேரபாயம். புயல் துறைமுகத்தின் இடப்பக்கமாகக் கடக்குமா, வலப்பக்கமா, நேர் மேலேயா என்பதைப் பொறுத்து எண் மாறும். பகலில் கூம்பும் உருளையும் தொங்கவிடுவார்கள்; இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள்.

11-ஆம் எண்? "வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது" என்று பொருள். அதாவது, எங்களுக்கு இனி ஒன்றும் தெரியாது, மோசமானதையே எதிர்பாருங்கள் என்பது. தகவல் வராததையே ஒரு தகவலாக வைத்தவர்கள் புத்திசாலிகள்.

1964-இல் வானிலைத் துறைக்குக் கப்பல்கள் அனுப்பும் செய்தியும் கரையோர நிலையங்களின் காற்றழுத்தமானியும்தான் முக்கியமான கண்கள். புயலைப் பார்க்கும் ராடார்கள் நம் கரையில் 1970-களில் வந்தன. இன்சாட் படங்கள் 1980-களில். இன்று நான் நாள்வாரியாக எழுதிய பாதையை அன்று யாரும் அவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்க முடியாது. அதற்காக அவர்களைத் திட்டுவது நியாயமில்லை. ஆனால் தெரியாத நேரத்தில் என்ன செய்வது என்பதற்குக் கப்பலுக்கு ஒரு 11-ஆம் எண் இருந்தது. ரயிலுக்கு அப்படி ஒன்று இல்லை.

கரீபியன் பாடம்

இப்போது கரீபியனுக்கு வருவோம். 'ஹரிக்கேன்' என்ற சொல்லே அந்தத் தீவுகளின் ஆதிக்குடிகளான தைனோ மக்களுடையது.

கியூபாவின் ஹவானா நகரில் பெலன் பள்ளியில் ஒரு வானிலைக் கூடம் இருந்தது. 1870-இல் பெனிட்டோ வின்யெஸ் என்ற ஏசுசபைப் பாதிரியார் அதற்குத் தலைவரானார். மிக உயரத்தில் போகும் கீற்று மேகங்கள் எந்தத் திசையில் இழுபடுகின்றன என்று பார்த்தே புயலின் மையம் எங்கே என்று கணிப்பார். பக்கத்துத் தீவுகளிலிருந்து தந்தி மூலம் செய்தி திரட்டினார். 1875 செப்டம்பரில் அச்சில் முதல் புயல் முன்னறிவிப்பை வெளியிட்டார். நம் வானிலைத் துறை பிறந்த அதே ஆண்டு.

அவருக்குப் பின் 1900-இல் நடந்ததைக் கேளுங்கள். அப்போது கியூபா அமெரிக்கர் வசம். புயல் குறித்துக் கியூபாக்காரர்கள் தந்தி அனுப்ப அமெரிக்க வானிலைத் துறை தடை போட்டிருந்தது. "இவர்கள் சும்மா பீதி கிளப்புகிறவர்கள்" என்று எண்ணம். புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் போகிறது என்று ஹவானாவில் கணித்தார்கள். அமெரிக்கத் துறை அது வடகிழக்கே திரும்பிவிடும் என்றது. செப்டம்பர் 8-இல் புயல் டெக்சாஸின் கால்வெஸ்டன் தீவில் ஏறியது. சுமார் 8,000 பேர் மாண்டார்கள். அதுவும் மணல் திட்டு போன்ற ஒரு தீவுதான். தெரிந்தவன் இருந்தான், சொல்ல விடவில்லை.

அடுத்தது 1928. இதில் நம் சனமும் வருகிறது. 1854 டிசம்பர் 24-இல் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளை குவாதலூப் தீவில் இறக்கியது. 1889 வரை புதுச்சேரி, காரைக்கால் முதலிய துறைகளிலிருந்து போனவர்கள் 42,000 பேருக்கு மேல். பலர் தமிழர். கரும்புத் தோட்ட வேலை. இன்றும் அங்கே மாரியம்மன் 'மாலியெமேன்' என்ற பெயரில் கும்பிடப்படுகிறாள்; மதுரை வீரனும் உண்டு. 'கொலம்போ' என்று அவர்கள் சமைப்பது நம் குழம்பு என்பார்கள். மொழி போனாலும் சாமியும் சட்டியும் போகவில்லை.

1928 செப்டம்பர் 12-இல் அந்தத் தீவின் மேல் பெரும்புயல் கடந்தது. சுமார் 1,200 பேர் இறந்தார்கள். மறுநாள் அதே புயல், இன்னும் பலமாக, போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியது. அங்கே இறந்தவர்கள் 312. அந்தத் தீவில் 1899-இல் வந்த புயல் 3,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது. 1928 புயல் அதைவிட வலியது. சாவோ பத்தில் ஒரு பங்கு. காரணம், முன்கூட்டியே எச்சரிக்கை தீவெங்கும் பரப்பப்பட்டது, சனமும் அதை நம்பித் தயாரானார்கள்.

அதோடு முடியவில்லை. அதே புயல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனது. ஒக்கிசோபி ஏரிக்கரைச் சனத்தை அன்று பகலில் வெளியேறச் சொல்லியிருந்தார்கள். சொன்ன நேரத்துக்குப் புயல் வரவில்லை. "இந்தத் தடவை தப்பிவிட்டது" என்று பலர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். இரவு வந்தது. ஏரிக்கரை உடைந்து 2,500-க்கும் குறையாமல் இறந்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினக் கூலித் தொழிலாளர்கள்.

ஒரே புயல். ஒரே வாரம். மூன்று இடம், மூன்று விதமான முடிவு. பிள்ளைகளே, வரலாற்றில் இப்படி ஓர் ஒப்பீடு கிடைப்பது அபூர்வம். மாறியது புயல் அல்ல, மனிதர்கள் செய்து வைத்த ஏற்பாடு.

கியூபாவில் 1963 அக்டோபரில் 'ஃபுளோரா' புயல் சுமார் 1,750 பேரைக் கொன்றது. தனுஷ்கோடிக்கு ஓராண்டு முன்பு. அதற்குப் பிறகு அந்த ஏழை நாடு, குடிமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றைக் கட்டியது. 1986 முதல் ஆண்டுதோறும் நாடு முழுவதும் புயல் ஒத்திகை நடத்துகிறார்கள். அதன் பிறகு எத்தனையோ பெரும்புயல்கள் வந்தும் அங்கே சாவு எண்ணிக்கை ஃபுளோரா அளவுக்குப் போகவே இல்லை.

நாம் என்ன செய்தோம்?

தனுஷ்கோடிக்குப் பிறகு நாம் செய்தவற்றில் பெருமைப்படக்கூடிய ஒன்று உண்டு. பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் இரும்புத் தூலங்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. சரிசெய்ய ரயில்வே ஆறு மாதக் கெடு வைத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாக்கினார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன், கடலுக்குள் கிடந்த தூலங்களைத் தேடித் தூக்கி, 46 நாளில் முடித்தார். பின்னாளில் கொங்கண் ரயில், டெல்லி மெட்ரோ என்று பேர் வாங்கியவர் அவரேதான்.

பாலம் மீண்டது. ஊர் மீளவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. இலங்கைக் கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி, 1980-களில் அதுவும் நின்றது. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டபின் சுற்றுலாக் கூட்டம் குவிகிறது. இடிந்த மாதா கோயில் முன் நின்று படமெடுத்து 'பேய் நகரம்' என்று போடுகிறார்கள். அப்படிப் போடாதீர்கள். அங்கே இன்றும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன. அவர்கள் பேய்கள் அல்லர். அடுத்த புயலுக்கும் அங்கேயே இருக்கப்போகிறவர்கள்.

இந்தியா முழுமைக்கும் பாடம் படிக்க இன்னும் நாளானது. 1977 நவம்பர் 19-இல் ஆந்திராவின் திவிசீமையில் சுமார் 10,000 பேர். 1999 அக்டோபர் 29-இல் ஒடிசாவில் மறுபடியும் சுமார் 10,000 பேர். அதன் பிறகு ஒடிசா விழித்துக்கொண்டது. கரையோரம் தூண் மேல் நிற்கும் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள், ஊருக்கு ஊர் பயிற்சி பெற்ற தொண்டர்கள், ஒலிபெருக்கி என்று கட்டியெழுப்பினார்கள். 2013 அக்டோபர் 12-இல் 'பைலின்' புயல் வந்தபோது ஏறத்தாழ பத்து லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்திவிட்டார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. நம்மாலும் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

முடியாமல் போனதற்கும் சான்று பக்கத்திலேயே உண்டு. 2017 நவம்பர் கடைசியில் 'ஒக்கி'. குமரி மாவட்டத்தின் ஆழ்கடல் மீனவர்கள் எச்சரிக்கை வருவதற்கு முன்பே, பல நாள் தங்கலுக்குக் கடலுக்குப் போய்விட்டிருந்தார்கள். கரையில் தொலைக்காட்சி அலறியது, கடலுக்குள் கேட்கவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில் எத்தனை வீடுகள் ஆண் துணை இழந்தன என்பது உங்களுக்குத் தெரியும்.

நின்ற ரயில்

தலைப்பில் சொன்ன இரண்டாவது ரயில் இது.

2023 டிசம்பர் 17. புயல்கூட அல்ல, குமரிக் கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகம். அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால், செய்துங்கநல்லூர் பக்கம், தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது.

வண்டி நின்றதால் பயணிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சுற்றிலும் வெள்ளம். ஒரு பகுதியினர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். ஐந்நூறு பேர் நிலையத்திலேயே. இரண்டு நாள். புதுக்குடி ஊர்ச்சனம் தங்கள் வீட்டிலேயே வெள்ளம் இருக்க, கோயிலில் உலை வைத்துச் சமைத்துக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வந்தது. கடைசியில் வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னை போனார்கள். முதல் மணி நேரத்தில் "எதுக்குய்யா நிறுத்தி வச்சிருக்கீங்க?" என்று சலித்துக்கொண்டவர்கள் இருந்திருப்பார்கள். மனித இயல்பு அது. ஆனால் எண்ணூறு பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

653-ஆம் எண் வண்டியைப் பாம்பனில் நிறுத்தியிருந்தாலும் இதே சலிப்புத்தான் வந்திருக்கும். "மழைக்குப் பயந்து ரயிலை நிறுத்துவார்களா?" என்று கேட்டிருப்பார்கள். மறுநாள் புகார் எழுதியிருப்பார்கள். நூற்றுப் பதினைந்து பேரும் உயிரோடு இருந்து புகார் எழுதியிருப்பார்கள்.

பழைய பாம்பன் பாலத்தில் பின்னாளில் ஓர் ஏற்பாடு வந்தது. காற்றுமானி வைத்து, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாலத்துக்குள் போகச் சிக்னல் விழாது. யார் தைரியசாலி, யார் பயந்தவர் என்ற பேச்சே இல்லை. எண்ணைத் தாண்டினால் வண்டி நிற்கும். ரயிலுக்கு வேண்டிய 11-ஆம் எண் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

எச்சரிக்கை என்பதில் மூன்று படி இருக்கிறது. ஒன்று, தெரிந்துகொள்வது. இரண்டு, சொல்வது. மூன்று, நிறுத்துவது. கால்வெஸ்டனில் இரண்டாவது படி உடைந்தது. ஒக்கியில் சொன்னது போய்ச் சேரவில்லை. தனுஷ்கோடியில் மூன்றாவது படியே கட்டப்படவில்லை. முதல் படியில் இன்று நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். செயற்கைக்கோள் படம் கைப்பேசியிலேயே வருகிறது. மற்ற இரண்டும் மனிதர் கையில்.

கடலோரத்தில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு

சென்னை, கடலூர், தூத்துக்குடி, ராமேஸ்வரம், இலங்கை, கரீபியன் எங்கிருந்தாலும் சரி:

1. உங்கள் பருவம் எது என்று தெரிந்து வையுங்கள். கரீபியனுக்கு ஜூன் முதல் நவம்பர். தமிழகக் கரைக்கு முக்கியமாக அக்டோபர் முதல் டிசம்பர். ஏற்பாடு பருவத்துக்கு முந்தின மாதமே முடிய வேண்டும். புயல் செய்தி வந்த பிறகு கடையில் மெழுகுவர்த்திகூடக் கிடைக்காது.

2. உங்கள் வீடு கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், பக்கத்தில் மேடான கான்கிரீட் கட்டடம் எது என்று விசாரித்து, ஒரு முறை நடந்தே போய்ப் பாருங்கள். இருட்டில், மழையில் வழி தேடக் கூடாது.

3. குடிதண்ணீர், ஒரு வாரத்து மருந்து, டார்ச், பேட்டரியில் ஓடும் ரேடியோ. ஆதார், பத்திரம், சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாம் தண்ணீர் புகாத உறையில், ஒரே பையில்.

4. காற்று திடீரென்று நின்றால் வெளியே வராதீர்கள். அது கண் பகுதியாக இருக்கலாம். அறிவிப்பு வந்தபின்தான் வெளியே.

5. சொன்ன நேரத்துக்குப் புயல் வரவில்லை என்று திரும்பிப் போகாதீர்கள். ஒக்கிசோபி ஏரியை நினையுங்கள்.

6. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர், காது கேளாதவர், மொழி தெரியாத வெளியூர்க் கூலிக்காரர் - இவர்களுக்குச் சேதி போய்ச் சேர்ந்ததா என்று கதவைத் தட்டிக் கேளுங்கள். குழுவில் செய்தியைத் தட்டிவிட்டால் சொன்னதாக ஆகாது.

இந்த ஆறும் எல்லோருக்கும். ஏழாவது, உங்களில் சிலருக்கு மட்டும். நம் மாணவர்களில் கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார், தாசில்தார் ஆபீசில் இருக்கிறார்கள், பஸ் டிரைவர், ரயில்வே ஊழியர், பள்ளித் தலைமை ஆசிரியர், கட்டட மேஸ்திரி எல்லாம் இருக்கிறீர்கள். நீங்கள் நிறுத்துகிற இடத்தில் இருப்பவர்கள். ஒரு நாள் ஒரு வண்டியையோ, ஒரு வகுப்பையோ, ஒரு வேலையையோ நிறுத்த வேண்டிய நேரம் வரும். நிறுத்தினால் திட்டு விழும். ஒன்றும் நடக்காமல் போனால் கேலியும் விழும். வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாராவது 1964-இல் ராமேஸ்வரம், மண்டபம், மன்னார் பக்கம் இருந்திருந்தால், அல்லது போட் மெயிலில் கொழும்பு போயிருந்தால், அவர்கள் சொன்னதைக் கீழே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

அனைவருக்கும் என் ஆசிகள். இந்த ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறையட்டும், கரைகள் நிற்கட்டும்.